முதுகு காட்டாத அம்மன்

ஆடி 4, ஞாயிறு

இன்று கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள்: செயலாளர் குணசீலன். அவன் பக்கத்தில் டிவிக்காரர் ஒருவர், கழுத்தில் அட்டை தொங்கியது. பூசாரி தேவராஜ், வாயே திறக்கவில்லை. சாமி தூக்குகிறவர்களின் தலைவன் ஏகாம்பரம், தூணோரம் சாய்ந்துகொண்டு. பக்கத்து வீட்டு ஜெயக்கொடி, போனைத் தடவிக்கொண்டு. என் மருமகள் கலைவாணி. பிறகு நான், பூங்காவனம். நாளைக்கு எவனும் "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொல்லக்கூடாது, அதற்காகத்தான் எழுதிவைக்கிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஞாபகம் இன்னும் நின்றுவிடவில்லை.

குணசீலன் என்னைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்துச் சொன்னான். நாலாவது ஞாயிறு ஊர்வலத்தை டிவியில் நேராகக் காட்டப்போகிறார்களாம். அதனால் அம்மன் பெரிய தெரு வழியாகவே மார்க்கெட் முனைக்குப் போய்விடுவாளாம். நாகப்பன் சந்துக்குள் வரமாட்டாளாம்.

"வரமாட்டான்னு யாரு சொன்னது? அம்மனா?" என்று கேட்டேன்.

"ஆயா, கோச்சுக்காத. போன வருசம் வந்த வீடியோ ஞாபகம் இருக்கில்ல? டிவில அந்த ஆன்மிகப் பேச்சாளர் என்ன சொன்னாரு? அம்மன் பின்னாடியே போறா, ஊர விட்டு வெலகுறா, கெட்டதுக்கு அறிகுறின்னு சொன்னாரா இல்லியா? அதுக்கப்புறம் நம்ம கோயில் உண்டியலே காத்தாடுது. இப்ப லைவ்ல அத மறுபடியும் காட்டினா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

அறிகுறியாவது ஒன்றாவது. எங்கள் சந்து முட்டுச்சந்து. பல்லக்கு உள்ளே வந்தால் திருப்ப இடமில்லை. சந்துக் கோடியை அடைத்துக்கொண்டு நிற்கிற கடைசி வீடு எங்கள் வீடு. அம்மன் எங்கள் வாசல்வரை நேராக வருவாள். போகும்போது தூக்குகிறவர்கள் அப்படியே பின்னால் நடப்பார்கள். மற்ற தெருக்காரர்களுக்கெல்லாம் முகத்தைக் காட்டிவிட்டு முதுகையும் காட்டிவிட்டுப் போகிறவள், எங்களைப் பார்த்தபடியே போவாள். நான் வாழவந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"உன் ஒரு வூட்டுக்காக ஊரு கெடணுமா?" என்றான் குணசீலன்.

அவன் அப்பனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது இந்த ஒரு வீடுதான். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஆடி 5, திங்கள்

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, தனபாக்கியம். பங்குனியில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு போனது. கூடத்தில் கட்டிலைப் போட்டு வைத்திருக்கிறோம். காலையில் உடம்பு துடைத்து, புடவை மாற்றி, தலைவாரிவிட்டேன். தலைவாரும்போதே கேட்டாள்.

"அடியே பூங்கா, அம்மனுக்கு இன்னும் எத்தன ஞாயிறுடி?"

"வரும்போது வரும்."

"அன்னைக்கு எனக்கு அந்த அரக்குப் பொடவ எடுத்து வை. கட்டில வாசலண்ட நவுத்திடு. அவளப் பாத்துட்டா போதும், அப்புறம் எப்ப வேணா என்னத் தூக்கிக்கினு போங்க."

"தூக்கிக்கினு போறதுக்கு ஆளு கெடைக்கணுமே," என்றேன்.

இவள்மேல் எனக்குப் பரிதாபம் கிடையாது. நான் புதுப்பெண்ணாக வந்த அன்று மத்தியானம், பாயசம் தீர்ந்துவிட்டது என்று ஏனத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். சாயங்காலம் அடுப்படிக்குப் பின்னால் மூடிவைத்த டம்ளரை நானே பார்த்தேன். சேமியா பாயசம். முந்திரி மிதந்தது.

அரக்குப் புடவையைத் துவைத்துக் காயவைத்தேன். வெயில் நன்றாக இருந்தது, அதனால்.

ஆடி 7, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. ஜெயக்கொடி வீட்டில் மட்டும் ரெண்டு டிரம் நிறைந்திருந்தது எப்படி?

ஆடி 9, வெள்ளி

கோயிலில் கூழ் ஊற்றினோம். முருங்கைக்கீரை ஆய்ந்தது நான். கருவாட்டுக் குழம்பில் புளி தூக்கல், அதைச் செய்தது நான் அல்ல.

டிவியிலிருந்து ஒரு பெண் மைக்கோடு வந்தாள். நல்ல முகவெட்டு. "பாட்டி, உங்க அம்மனப் பத்திச் சொல்லுங்க" என்றாள். உட்கார்த்திவைத்துச் சொன்னேன். சந்து எப்படி முட்டுச்சந்து ஆனது, ரயில்வேக்காரன் எந்த வருடம் சுவர் எழுப்பினான், பின்னால் நடக்கிறவனுக்குக் கால் எங்கே வைப்பதென்று தெரியாது, அதனால் ஒருத்தர் முன்னால் நின்று படி, கல், குழி என்று ஒவ்வொன்றாகக் கூவவேண்டும், அந்தக் கூவுகிற வேலையை என் வீட்டுக்காரர்தான் செய்துகொண்டிருந்தார், பிறகு ஏகாம்பரம் அந்த இடத்தை எப்படிப் பிடித்தான், எல்லாம். அந்தப் பெண் தலையைத் தலையை ஆட்டினாள். கேமராக்காரன் கொட்டாவி விட்டான்.

கடைசியில், "எல்லாரும் நல்லா இருக்கணும்னு ஒருவாட்டி சொல்லுங்க பாட்டி" என்றாள். சொன்னேன்.

ஆடி 11, ஞாயிறு

டிவியில் போட்டார்கள். அவ்வளவு நேரம் பேசியதில், "எல்லாரும் நல்லா இருக்கணும்" மட்டும் வந்தது. அதற்குள் மேளத்தைப் போட்டு என் குரலையும் அமுக்கிவிட்டார்கள். ஜெயக்கொடி வந்து, "ஆயா, ஸ்டார் ஆயிட்ட" என்றாள். அவளுக்குக் காபி கொடுக்கவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்து படம் போட்டு ஊர்வலம் போகும் வழியைக் காட்டினார்கள். கோயில், பெரிய தெரு, மார்க்கெட் முனை. சிவப்புக் கோடு எங்கள் சந்தைத் தாண்டிப் போனது. அண்ணி கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது.

"நம்ம சந்து எங்கடி?"

கலைவாணிதான் சொன்னாள். "பெரியத்த, இந்த வருசம் உள்ள வராதாம். கவலப்படாதீங்க, டிவில கிட்டக்கவே காட்டுவாங்க. நேர்ல பாத்தா கூட மூக்குத்தி தெரியாது, இதுல தெரியும்."

அண்ணி டிவியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"நான் அவளப் பாக்கறது கெடக்கட்டும்டி. டிவிக்குள்ளருந்து அவ என்ன எப்படிப் பாப்பா?"

கலைவாணி சமையலறைக்குப் போய்விட்டாள். நானும் போனேன். வெங்காயம் உரிக்கவேண்டியிருந்தது.

ராத்திரி அண்ணி சாப்பிடவில்லை.

ஆடி 12, திங்கள்

காலையிலும் சாப்பிடவில்லை. வேண்டுமென்றே செய்கிறாள். அந்தக் காலத்திலும் இப்படித்தான், நினைத்தது நடக்கவில்லை என்றால் பட்டினி கிடந்து எல்லாரையும் வளைப்பாள். ரசம் சாதத்தைக் குழைத்து வாயில் வைத்தேன். நாலு வாய் வாங்கினாள்.

ஆடி 14, புதன்

ஷார்ஜாவிலிருந்து மகன் முரளி பேசினான். விஷயத்தைச் சொன்னேன். போன வருட வீடியோவால்தான் இத்தனையும், அதை எடுத்துப் பரப்பிய பாவி யாரென்று தெரியவில்லை என்றேன்.

"அம்மா, அது கலை நம்ம வாசல்லருந்து எடுத்து எனக்கு அனுப்பினதும்மா. நீதான எடுத்து அனுப்பச் சொன்ன. நான் இங்க நம்ம ஏரியா பசங்க குரூப்ல போட்டேன். அதுலருந்து யாரோ எடுத்துட்டாங்க போல."

"அந்த யாரோ யாருன்னு கண்டுபுடி," என்றேன்.

அவன் கொஞ்சநேரம் பேசவில்லை. அங்கே சிக்னல் சரியில்லை போலிருக்கிறது.

வெளிநாட்டில் கிடக்கிற பிள்ளைக்கு அம்மன் முகத்தைக் காட்டச் சொல்வது ஒரு தப்பா? எங்கள் வாசலில் நின்று எடுத்தால் அம்மன் பின்னால் போகிற மாதிரித்தான் தெரியும். பின்னால் போனாலும் கண் இங்கேயேதான் இருக்கிறது என்பது அந்தப் பேச்சாளருக்குத் தெரியவேண்டாமா? பட்டு ஜிப்பா போடத் தெரிகிறது.

ஆடி 16, வெள்ளி

ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனேன். அவனைப் பார்க்கப் போகவில்லை. அவன் பெண்டாட்டி சுலோச்சனாவுக்கு முருங்கைக்கீரை கொடுக்கப் போனேன். அவன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு நான் என்ன செய்வது?

அவனோடு பேச்சு நின்று வருடம் பல ஆகிறது. ஒரு ஆடியில் சந்து முனையில் பல்லக்கு ஆடிச் சாய்ந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரரும் தண்டுக்குத் தோள் கொடுத்திருந்தார். இந்த ஏகாம்பரம் அத்தனை பேர் முன்னால் அவரைப் பார்த்து, "முடியலன்னா ஒதுங்கிக்கப்பா" என்றான். அதோடு அவர் தூக்கவும் போகவில்லை, கூவவும் போகவில்லை. ரெண்டு வருடத்தில் போய்ச்சேர்ந்தார்.

வாசலில் நின்றபடியே சுலோச்சனாவிடம் சொன்னேன். "நம்ம சந்துக்கு அம்மன் வரலியாமே. தூக்குறவங்கல்லாம் என்ன சொல்றாங்க?"

"நீங்களே அவர கேளுங்கக்கா, உள்ளதான் இருக்காரு."

"நான் உன்னத்தான் கேட்டேன்."

உள்ளிருந்து அவன் குரல் வந்தது. "சுலோ, அவங்ககிட்ட சொல்லு. சந்துல நொழைஞ்சா அடுத்த வருசம் பல்லக்கே கெடையாது, டிராக்டர்ல வெச்சு லைட்டு போட்டு இழுத்துக்கினு போவேன்னு குணசீலன் சொல்லிட்டான். பசங்க பயப்படுறானுங்க."

"டிராக்டரு எங்க சந்துல நொழையாதுன்னு சொல்லு," என்றேன்.

"அது எனக்குத் தெரியும்னு சொல்லு."

சுலோச்சனா கீரையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தாள். "ரெண்டு பேரும் கத்திப் பேசறீங்க, நடுவுல நான் எதுக்கு?" என்றாள்.

நான் சொன்னேன்: "தனபாக்கியம் படுத்த படுக்கையா கெடக்குது. வாசலத் தாண்ட முடியாது. நாலு நாளா சரியா சாப்பிடல. அம்மன் வந்தா பாக்கும், வரலன்னா அடுத்த ஆடிக்கு அது இருக்குமான்னு எனக்குத் தெரியாது. அவ்ளோதான். எனக்காகக் கேக்கல."

டிவி சத்தம் நின்றது. அவன் வெளியே வரவில்லை. உள்ளிருந்தே சொன்னான்:

"அன்னைக்கு அவன் கை நடுங்கிக்கினு இருந்துச்சு சுலோ. ரெண்டு மாசமாவே. எனக்கு மட்டுந்தான் தெரியும். அம்மன் கீழ வுழுந்திருந்தா ஊரே அவன் பேரச் சொல்லியிருக்கும். அதுக்குத்தான் ஒதுங்கச் சொன்னேன். இத்தன வருசமா யாருகிட்டயும் நான் சொல்லல."

கட்டுக்கதை. அவருக்குக் கை நடுங்கினால் எனக்குத் தெரியாதா? அந்த வருடம் காபியை அவர் டம்ளரில் குடிக்காமல் அகல டபராவில் குடித்தது சூடு ஆறட்டும் என்பதற்காக.

கீரையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வருவானா மாட்டானா என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். அண்ணி தயிர் சாதம் சாப்பிட்டாள். ஊறுகாயும் கேட்டாள். உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னார். ஒரு துண்டு கொடுத்தேன்.

ஆடி 22, வியாழன்

குணசீலன் வீட்டுக்கு வந்தான், கையில் பழத்தட்டு. அண்ணிக்காகக் கோயில் செலவில் அன்று ஒருநாள் பெரிய டிவி வாடகைக்கு எடுத்து வைக்கிறானாம். அண்ணி டிவியில் பார்த்துக் கும்பிடுவதையும் டிவிக்காரர்கள் வந்து எடுப்பார்களாம். "வீட்டிலிருந்தே தரிசனம்" என்று நடுவில் போடுவார்களாம்.

"உனக்கு நல்லதுதான் ஆயா. உன் பேரும் வரும்."

அண்ணி கட்டிலிலிருந்தே கேட்டாள். "ஏம்பா, நீ யாரு புள்ள?"

"நான் தான் பெரியாயா, குணசீலன். ரேஷன்கட அரிகிருஷ்ணன் புள்ள."

"ஓ. ஒங்கப்பன் செத்தப்ப டிவிலயா பாத்த, நேர்ல வந்தியா?"

அவன் பழத்தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். வாழைப்பழம் கனிந்த பதம். ரெண்டு பேரும் ஆளுக்கொன்று சாப்பிட்டோம். அவளுக்கு நாக்கு அப்படித்தான், சின்ன வயதிலிருந்தே. இன்றைக்கு ஒன்றும் தப்பில்லை.

ஆடி 25, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானமே அண்ணியைக் குளிப்பாட்டி அரக்குப் புடவை கட்டினேன். வராது என்று தெரிந்தும் எதற்கு என்று கலைவாணி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக இருந்தால் என்ன குறைந்துவிடும் என்றேன். கட்டிலை நானும் அவளும் வாசலண்டை நகர்த்தினோம். காற்று வரட்டும் என்று.

விளக்கு வைத்தபிறகு பம்பைச் சத்தம் கேட்டது. பெரிய தெருவில் விளக்குகள் பகல் மாதிரி எரிந்தன. ஜெயக்கொடி போனில் நேரலையைப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் படியிலேயே உட்கார்ந்தாள். அம்மனுக்கு முன்னால் டிவி வண்டி, வண்டிமேல் கேமரா. குணசீலன் ஸ்கூட்டரில் வண்டிக்கும் முன்னால்.

சத்தம் நெருங்கியது. சந்து முனைக்கு வந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்புக் கை, ஆனால் பிடி வலித்தது. சத்தம் நிற்காமல் தாண்டிப் போகிற மாதிரிக் கேட்டது. ஜெயக்கொடி போனைப் பார்த்து, "தாண்டிடுச்சு ஆயா" என்றாள்.

தாண்டிப் போனது டிவி வண்டி. அம்மன் முகத்தை நேராக எடுக்கவேண்டும் என்று டிவிக்காரன் முன்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறான். அம்மன் சந்து முனையில் நின்றுவிட்டாள். ஏகாம்பரம் கோலால் தரையில் ரெண்டு தட்டு தட்டினான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முன் தண்டுக்காரர்கள் சந்துப் பக்கம் வளைந்தார்கள்.

"நேரா! நேரா போங்கடா! லைவ்வு ஓடுதுடா!" என்று குணசீலன் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு கத்தினான்.

"தோள்ல பாரம் இருக்கும்போது கத்தாத தம்பி, ஆட்டம் குடுக்கும்," என்றான் ஏகாம்பரம். அவ்வளவுதான் சொன்னான். பாரத்தோடு நிற்கிறவனை யார் பிடித்துத் தள்ளமுடியும்? குணசீலன் பேசாமல் ஓரமாக ஒதுங்கினான். டிவியில் அந்த நேரம் பூராவும் வெறும் ரோட்டையும் ஒரு நாயையும் காட்டினார்களாம்.

அம்மன் உள்ளே வந்தாள். சந்து முழுக்க மல்லிகையும் கற்பூரமும். ரெண்டு பக்கச் சுவரிலும் தண்டு உரசியது. எங்கள் வாசலண்டை வந்து நின்றாள். தேவராஜ் கற்பூரத்தட்டைக் கொண்டுவந்து அண்ணி முன்னால் காட்டினான். அண்ணி கும்பிடவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்து, "பாத்துட்டா, பூங்கா. பாத்துட்டா" என்றாள்.

பிறகு அம்மன் திரும்பாமல் பின்னால் போக ஆரம்பித்தாள். ஏகாம்பரம் எங்கள் படியில் ஏறி நின்று கூவினான். என் வீட்டுக்காரர் கூவுகிற மாதிரியே கூவினான். படி, கல் என்று மட்டும் இல்லை. வீடு வீடாகப் பேர் சொல்லி. முதலில் எங்கள் வாசல்: அவர் பேரைச் சொல்லி, "வூட்டு வாசலு, மெதுவா, மெதுவா" என்று. அவர் பேரை நான் எழுதமாட்டேன். ஆனால் சந்து பூராவும் கேட்டது.

கண்ணில் கற்பூரப் புகை பட்டுவிட்டது. அதனால் கொஞ்சம் சரியாகத் தெரியவில்லை.

புகையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அந்த நேரம்தான், அம்மன் விலகி விலகிப் போகிற அந்த நேரம்தான், இத்தனை நாள் இதற்காகத்தானே இருந்தேன், ஜெயக்கொடி எனக்கு முன்னால் எழுந்து நின்று ரெண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்தாள். நல்ல உயரம் அவள். "நவுரு, நவுருடி" என்றேன். மேளத்தில் கேட்கவில்லை. அம்மன் சந்து முனை சேரும்வரை நான் பார்த்தது அவள் போனுக்குள்ளேதான். கட்டைவிரல் நகம் அளவு அம்மன்.

அண்ணி இன்று ரெண்டு இட்லி சாப்பிட்டாள். இப்போது தூங்குகிறாள். குறட்டை கேட்கிறது. நன்றாக விடட்டும்.

ஏகாம்பரம் வீட்டுக்குக் கலைவாணியிடம் ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பினேன். கூவினால் தொண்டை வறளும்.

ஆடி 26, திங்கள்

காலையிலேயே குணசீலன் வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. அவன் சிரித்தான்.

ஜெயக்கொடி எடுத்த வீடியோ ஊரெல்லாம் போய்விட்டதாம். எங்கள் வாசலிலிருந்து எடுத்தது. போன வருடம் கலைவாணி நின்ற அதே இடம். அதே அம்மன், அதே மாதிரிப் பின்னால் போகிறாள். ஒரு மூலையில் கட்டிலும் அண்ணியின் முகமும் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதே பட்டு ஜிப்பாப் பேச்சாளர் டிவியில் உட்கார்ந்து, பிள்ளையை விட்டுப் போகும்போதும் கண்ணை எடுக்காத தாய், எங்கும் காணாத காட்சி என்று குரல் தழுதழுக்கப் பேசினாராம். போன வருடம் தான் பேசியது அவருக்கு ஞாபகம் இல்லை போலிருக்கிறது. எனக்கு இருக்கிறது.

"ஆயா, இனிமே வருசா வருசம் சந்துக்குள்ளதான்! டிராக்டர்லாம் கெடையாது. அடுத்த வருசம் உன் மொட்டமாடில கேமரா வெச்சுக்கறோம், சரியா?"

"மாடில வெச்சுக்க. வாசல்ல எவனும் நிக்கக்கூடாது," என்றேன்.

"பெரியாயா எப்படி இருக்கு?"

"ஊறுகா கேக்குது."

அவன் போனபிறகு வாசலைக் கூட்டினேன். மல்லிகைப் பூ நிறையக் கிடந்தது. மனசு லேசாக இருந்தது. உண்மையைச் சொன்னால், இந்த மாதத்தில் இன்றைக்குத்தான் முதுகுவலி தெரியவில்லை.

ஆடி 28, புதன்

தண்ணீர் லாரி வந்தது. தெருக்குழாயண்டை ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவன் குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்தான். "மோர்ல உப்பு கம்மி" என்றான். "கம்மியாத்தான் போட்டேன்" என்றேன். பேச்சு என்றால் இதுவும் பேச்சுதான்.

மத்தியானம் சேமியா பாயசம் செய்தேன். முந்திரி போட்டு. அண்ணி டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்கு ஞாபகம் இருக்குடி" என்றாள். "இருக்கட்டும், குடிங்க" என்றேன். அந்தக் கணக்கு முடிந்தது.

குணசீலன் சின்னப் பையன், நாலு பேர் பேச்சைக் கேட்டு ஆடுகிறவன், விட்டுவிடலாம். பட்டு ஜிப்பாக்காரருக்கு என்னைத் தெரியவே தெரியாது, அவரை மன்னித்து என்ன, மன்னிக்காமல் என்ன. ஏகாம்பரம் விஷயம் பாதி முடிந்தது, மீதியை அடுத்த ஆடியில் பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் ஜெயக்கொடி வந்தாள். அந்த வீடியோ இல்லை என்றால் அம்மன் அடுத்த வருடம் சந்துக்குள் வரமாட்டாள், எல்லாம் தன்னால்தான் என்றாள். இருக்கலாம். கலைவாணி அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், நான் தடுக்கவில்லை. போனை என் பக்கம் நீட்டி, "பாரு ஆயா, எவ்ளோ தெளிவா வந்திருக்கு" என்றாள். நான் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய நேரத்தில் பார்க்கவிடாதவள் அவள்தான்.

அவளை மட்டும் மன்னிக்கமாட்டேன். ஜெயக்கொடி.